பெட்டிக்குள் போகாத கட்டடம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவன். கோடு போட்ட தாளில் எழுதினாலும் என் எழுத்து கோட்டை விட்டு இறங்கி நடக்கும். எந்த இடத்தில் எந்த ‘ர’ என்பது இன்றைக்கும் சந்தேகம்தான். தப்பு இருந்தால் படிக்கிறவர்கள் திருத்திக்கொள்ளுங்கள். எழுதச் சொன்னவர் எங்கள் கட்டடத்து நாலாவது மாடி மாமி. சொல்லி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

மயிலாப்பூரில் ஆறு மாடிக் குடியிருப்பு ஒன்றில் லிஃப்ட் ஓட்டுகிறேன். பழைய லிஃப்ட். இரண்டு மடக்குக் கதவுகளையும் சரியாக இழுத்துச் சாத்தினால்தான் நகரும். அதற்குத்தான் ஓர் ஆள் வைத்திருக்கிறார்கள். உள்ளே எனக்கு ஒரு ஸ்டூல். பன்னிரண்டு வருஷமாக அந்த ஸ்டூல்தான். எனக்குப் பேச்சு வராது. “என்ன, இன்னிக்கு வெயில் ஜாஸ்தியா இருக்கே?” என்று யாராவது கேட்டால், நான் பதில் யோசித்து முடிப்பதற்குள் அவர்களுடைய மாடி வந்துவிடும்.

நான் கட்டி விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகள் என்னிடம் வந்ததும் வாய் திறக்காததால்தான். ஏழு வருஷத்துக்கு முன்னால் இரண்டாவது மாடிக் குடும்பம் வெளிநாட்டுக்குப் போனது. வீட்டைக் காலி செய்யும்போது அந்த அம்மா ஒரு துணிப்பையை என்னிடம் நீட்டி, “உங்க குழந்தைங்களுக்குக் குடுங்க” என்றார். எனக்கு ஒரே மகள். அவளுக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். அதைச் சொல்லத் தெரியாமல் பையை வாங்கி ஸ்டூலுக்கு அடியில் வைத்தேன்.

மதியம் ஒன்றரை மணிக்கு மேல் லிஃப்டுக்கு வேலை இருக்காது. பையைத் திறந்து பார்த்தேன். சிவப்பு, வெள்ளை, மஞ்சள், நீலம் என்று சின்னச் சின்னக் கட்டைகள். மேலே குமிழ், கீழே குழி. ஒன்றின் மேல் ஒன்றை வைத்து அழுத்தினால் ‘டிக்’ என்று பிடித்துக்கொள்கிறது. அந்தச் சத்தம் எனக்குப் பிடித்துப் போயிற்று. முதல் நாள் நான் செய்தது ஒரு ஸ்டூல். மூன்று கால்தான் வந்தது, ஆனாலும் நின்றது.

பிறகு விடவில்லை. சைதாப்பேட்டையில் எங்கள் தெருமுனைப் பழைய பேப்பர் கடையில் உடைந்த பொம்மைகளோடு கட்டைகள் வந்தால் எடுத்து வைக்கச் சொன்னேன். தி.நகர் பிளாட்பாரத்தில் ஒரு டப்பா வாங்கினேன். அது உள்ளூர்ச் சரக்கு, பிடிப்பு கொஞ்சம் தளர்வு. குழிக்குள் காகிதத் துண்டை வைத்து அழுத்தினால் நிற்கும். மிட்டாய் டின் மூடியை மடியில் வைத்து அதன்மேல்தான் எல்லாம் கட்டினேன். சைதாப்பேட்டைப் பாலம், மின்சார ரயில், ஒரு பக்கமாகச் சாய்ந்து போகும் சாயங்கால நேரத்து பஸ். எதையும் பார்த்துச் செய்ததில்லை. வரும் வழியில் கண்ணில் பட்டது கைக்கு வந்தது.

ஒன்றைக் கட்டினால் நாலைந்து நாள் லிஃப்டில் வைத்திருப்பேன். ஏறி இறங்குகிறவர்கள் பார்ப்பார்கள். மூன்றாவது மாடி வக்கீல் மட்டும் குனிந்து பார்த்து, “பஸ்ஸுல கண்டக்டர் எங்கேப்பா?” என்பார். எனக்கு அதுவே போதும். பிறகு கலைத்துவிட்டு அடுத்ததை ஆரம்பிப்பேன். இருப்பது அவ்வளவு கட்டைதான், வேறு வழியில்லை. ஆனால் உண்மையைச் சொன்னால், கலைப்பதும் எனக்குப் பிடிக்கும்.

கீழே வாட்ச்மேன் விடமாட்டான். “இன்னா நைனா, பொம்மை வெச்சி வெளாடிக்கினு கீறியா? ஊடு கட்டி முடிச்சா சொல்லு, கிரகப்பிரவேசத்துக்கு மொய் எய்தறேன்” என்பான். நான் சிரித்துவிட்டு மேலே போய்விடுவேன்.

போன வருஷம் நவராத்திரிக்கு இரண்டு மாதம் முன்னால், அவன் சொன்னதே மனசில் நின்றதோ என்னவோ, எங்கள் கட்டடத்தையே கட்டத் தொடங்கினேன். தச்சரிடம் ஒரு பலகை வாங்கி அதன்மேல் எழுப்பினேன். ஆறு மாடி, என் முழங்கால் உயரம். சுவர் வெள்ளை, பால்கனி சிவப்பு, ஜன்னலுக்கு நீலம். நடுவில் ஒரு தீப்பெட்டிதான் லிஃப்ட். பின்னால் நூல்கண்டைச் சுற்றினால் மேலே போகும், கீழே வரும். பாலம் கிடையாது, பஸ் கிடையாது, ஆறு வருஷத்தில் சேர்த்த எல்லாக் கட்டையும் அதற்குள் போய்விட்டது. பையில் ஒன்றுகூட மிச்சமில்லை.

நாலாவது மாடி மாமி ஒரு நாள் காய்கறிப் பையோடு ஏறினார். மூலையில் இருந்ததைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டார்.

“இது நம்ம கட்டடமாச்சே!”

தலையை ஆட்டினேன்.

“இது எங்காத்து பால்கனி. துளசிச் செடி கூட இருக்கே! நீங்களா பண்ணினேள்?”

ஆட்டினேன்.

“கொலுவுக்குக் குடுங்கோளேன். படிக்குப் பக்கத்துல வருஷா வருஷம் பார்க்னு ஒரு மண் மேடு வெக்கறேன், அதுக்கு இது எவ்வளவோ தேவலை. குடுப்பேளா?”

அதற்கும் ஆட்டினேன். தப்பு அங்கேதான் நடந்தது. ஒன்பது நாள் பார்வைக்கு வைக்கத் தருவேனா என்று கேட்டதாக நான் நினைத்தேன். தந்துவிடுவேனா என்றுதான் அவர் கேட்டிருக்கிறார்.

கட்டடத்தை லிஃப்டில்தான் மேலே கொண்டு போனேன். அந்த மாடியில் மாமி வீட்டு வாசல் லிஃப்டுக்கு நேர் எதிரே. நவராத்திரி நாளில் கதவு திறந்தே இருக்கும். பதினோரு வருஷமாக அந்தக் கொலுப் படிகளை நான் ஸ்டூலில் உட்கார்ந்தபடி கம்பிக் கதவு வழியாகத்தான் பார்த்திருந்தேன். வீட்டுக்குள் கால் வைத்தது அன்றைக்குத்தான்.

அந்த ஒன்பது நாளும் சாயங்காலம் லிஃப்டுக்கு ஓய்வே இல்லை. பட்டுப்புடவையும் மல்லிகையுமாக அடுத்த தெருக்களிலிருந்தெல்லாம் வந்தார்கள். ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் உள்ளே பேசுவது கேட்கும்.

“எங்க பால்கனிக்கு கிரில் போட்டிருக்கோமே, இதுல காணோமே?” என்றார் ஐந்தாவது மாடி அம்மா.

“அசோசியேஷன்ல கேக்காம போட்ட கிரில்லாச்சே! அவர் பிளான்படி கட்டியிருக்கார்” என்றார் வக்கீல் மனைவி. ஒரே சிரிப்பு.

தெரியாத ஓர் அம்மா லிஃப்டில் இறங்கும்போது என்னைக் கேட்டார். “லிஃப்டுக்குள்ள ஸ்டூல் கூட வெச்சிருக்கீங்களாமே, ஆளைக் காணோமே?”

“கதவு தொறக்கப் போயிருக்காரும்மா” என்றேன். எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. அதற்கும் சிரித்தார்கள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு சைக்கிள் மிதித்தேன்.

விஜயதசமி அன்று நான் கிளம்பும் நேரத்தில் மாமி சுண்டல் பொட்டலத்தோடு லிஃப்டுக்கு வந்தார்.

“நாளைக்குக் கார்த்தால எல்லாத்தையும் எடுத்து வெக்கப் போறேன். உங்க கட்டடத்துக்குன்னே தனிப் பெட்டி வாங்கியிருக்கேன். சுத்தி வெக்க மாமாவோட பழைய வேஷ்டியெல்லாம் கிழிச்சு வெச்சாச்சு. என் மாமியார் குடுத்த பொம்மை அறுபது வருஷமா இருக்கு. இதுவும் அப்படி இருக்கும், பாருங்கோ.”

அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். சுண்டலை வாங்கிக்கொண்டு அதற்கும் தலையை ஆட்டினேன்.

வீட்டில் என் மனைவி பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள். அவள் நந்தனத்தில் ஒரு விடுதிச் சமையலறையில் வேலை பார்ப்பவள். ஐம்பது பேருக்கு நடுவில் பேசிப் பழகிய வாய்.

“இன்னாயா ஆச்சு?”

சொன்னேன்.

“மொத்தக் கட்டையும் போச்சா? நீ இன்னாத்துக்கு மண்டைய மண்டைய ஆட்ன?”

“அவங்க ஆசையா கேட்டாங்க.”

“அப்ப நீ இனிமே ஸ்டூல்ல குந்திக்கினு இன்னா பண்ணுவ? கொட்டாவி உட்டுக்கினு இருப்பியா? நாளிக்கு வாயத் தொறந்து கேளு.”

“வீட்டை இடிக்கணும்னு எப்படிக் கேக்கிறது? அதுவும் விஜயதசமி முடிஞ்சதும். அவங்க சாஸ்திரம் பாக்கறவங்க.”

அவள் இன்னொரு கை சுண்டலை வாயில் போட்டுக்கொண்டாள். “போன மாசம் புள்ளையார வாங்கியாந்து, கொடை வெச்சி, கொயக்கட்டை படைச்சி, மூணா நாள் தூக்கிக் கடல்ல போட்டமே, அப்ப நாம அயுதோமா? அத்தச் சொல்லு” என்றாள்.

மறுநாள் காலை சைதாப்பேட்டையிலிருந்து மயிலாப்பூர் வரை சைக்கிளில் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். நாலாவது மாடியில் இறங்கும்போது ஒரு வார்த்தைகூட ஞாபகம் இல்லை. கூடத்தில் பொம்மைகள் பாதி துணிக்குள் போயிருந்தன. மாமி தரையில் உட்கார்ந்து மிச்சத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். மாமா நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கட்டடத்துக்குப் பக்கத்தில் புதுத் தகரப் பெட்டி திறந்திருந்தது.

“வாங்கோ, ஒரு கை பிடியுங்கோ.”

நான் பிடிக்கவில்லை. “மாமி… புள்ளையார்…” என்றேன்.

“புள்ளையாரைச் சுத்தி வெச்சுட்டேனே!”

“இல்ல மாமி. சதுர்த்திக்கு வாங்குற மண்ணுப் புள்ளையார். அவரை நாம பெட்டியில வெக்கிறதில்ல.”

மாமிக்குப் புரியவில்லை. மாமா பேப்பரை இறக்கினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டே மீதியைச் சொன்னேன். “இதுவும் அப்படித்தான் மாமி. இதைக் கலைச்சாத்தான் அடுத்தது வரும். என்கிட்ட வேற கட்டை கிடையாது.”

கீழே யாரோ லிஃப்ட் மணியை அடித்தார்கள். நான் போகவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் மணி அடித்தும் நான் போகாதது அன்றைக்குத்தான்.

“கலைக்கறதா? குடியிருக்கற வீட்டையா?” என்றார் மாமி மெதுவாக.

“அவரோட கட்டையை எல்லாம் வாங்கிப் பூட்டி வெச்சுண்டா அவர் என்ன பண்ணுவார்? புள்ளையார்னு சொல்லிட்டார், அப்பறம் என்ன?” என்றார் மாமா.

மாமி எழுந்துபோய்க் குங்குமச் சிமிழைக் கொண்டுவந்து, வாசல்படி இருக்கும் இடத்தில் ஒரு பொட்டு வைத்தார். “சரி, நம்மாத்தை மட்டும் நானே எடுப்பேன். வேற யாரும் தொடப்படாது” என்றார்.

மேலிருந்துதான் கலைக்க வேண்டும். ஆறாவது, ஐந்தாவது மாடிகளை நான் எடுத்தேன். மாமி சுண்டல் பாத்திரங்களைக் கழுவித் துடைத்து வரிசையாக வைத்தார், நிறத்துக்கு ஒன்று. நாலாவது மாடி வந்ததும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து ஒரு கட்டையைப் பிடித்து இழுத்தார். வரவில்லை.

“இழுக்கக் கூடாது மாமி. சாய்க்கணும்.”

சாய்த்தார். ‘டிக்’ என்று வந்தது. மாமி என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தச் சத்தம் அவருக்கும் பிடித்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. துளசிச் செடி வந்தது, பால்கனி வந்தது, கூடத்து ஜன்னல் வந்தது. சுவரை எடுத்ததும் கை அப்படியே நின்றுவிட்டது.

“ஏன்னா, இங்கே வந்து பாருங்கோ.”

உள்ளே ஒரு சின்னக் கொலு இருந்தது. மூன்று படி. அதன்மேல் ஒற்றைக் குமிழ்க் கட்டைகள், சிவப்பும் மஞ்சளுமாக நாலு. கட்டும்போது, அந்த ஜன்னலுக்குப் பின்னால் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும், அதனால் வைத்தேன். மற்ற வீடுகளுக்குள் ஒன்றும் வைக்கவில்லை. அவற்றின் உள்ளே நான் எதையும் பார்த்ததில்லை. நீல ஜன்னல் வழியாக இது யாருக்கும் தெரியாது. மாமி இதைக் கொலுவுக்குக் கேட்பார் என்று அப்போது எனக்கும் தெரியாது.

“ஒன்பது நாளும் கொலுவுக்குள்ள கொலு இருந்திருக்கு, எனக்குத் தெரியலையே!” என்றார் மாமி.

“பெட்டியில பூட்டியிருந்தா அறுபது வருஷம் ஆனாலும் தெரிஞ்சிருக்காது” என்றார் மாமா.

மாமி அந்த மூன்று படியையும் பொம்மைகளையும் கையில் எடுத்து வைத்துக்கொண்டார். “இதை மட்டும் நான் குடுக்க மாட்டேன்” என்றார். ஏழு கட்டை. தாராளமாக என்று சொன்னேன், இந்த முறை வாயால்.

மிச்சத்தைப் பையில் நிரப்பிக்கொண்டு கிளம்பும்போது அவர் சொன்னதுதான் இந்த எழுத்து. கொலுவின் முதல் நாள் மாமா எடுத்துக் கழுவி வாங்கிய போட்டோவில் பிளாஷ் பட்டுப் பாதிக் கட்டடம் வெறும் வெள்ளையாக விழுந்திருந்தது. “கலைக்கறதுன்னு ஆயிடுத்து. எப்படிக் கட்டினேள், எப்படிக் கலைச்சோம்னு எழுதியாவது குடுங்கோ. பெட்டியில அதை வெச்சுக்கறேன்” என்றார். எனக்கா எழுத்து வரும்? தள்ளிப் போட்டேன்.

இந்த வருஷக் கொலுவுக்குச் சைதாப்பேட்டை ரயில் நிலையத்தைக் கட்டிக் கொடுத்தேன். வந்தவர்கள் எல்லாம் உள்ளே என்ன ஒளித்திருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்த்தார்கள். கலைக்கிற நாளில் கூடம் நிறைய ஆள். வாட்ச்மேன் கூட மேலே வந்து, “நைனா, டிக்கெட் கவுண்டர நான் இடிக்கிறேன்” என்று கேட்டு வாங்கிக்கொண்டான். புதுப் பெட்டியில் அந்த ஏழு கட்டை மட்டும் மாமாவின் வேஷ்டித் துணிக்குள் இருக்கிறது. “எழுத்து எங்கே?” என்று மாமி தினமும் லிஃப்டில் கேட்கிறார். பதிலுக்கு இனியும் தலையை ஆட்ட முடியாது. அதனால் எழுதிவிட்டேன்.

1998 நவம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை.