எபாக்ஸி ஆகாத ரெசின்காரர்

பட்டறையில் அவருக்கு ரெசின்காரர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. படகு, குளிர்சாதன லாரியின் கதவு, பெரிய இயந்திரங்களின் மூடி என்று எது செய்ய வந்தாலும், அதற்கு எந்த ரெசின், அதாவது ஊற்றினால் இறுகிக் கெட்டியாகும் எந்தப் பிசின், என்று அவர்தான் சொல்ல வேண்டும். அவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. இத்தனைக்கும் அந்த மனிதர் வாழ்க்கையில் தானாகத் தேர்ந்தெடுத்தது ரெசின் ஒன்றைத்தான். மற்றதையெல்லாம் மச்சான் தேர்ந்தெடுத்தார்.

மச்சான் என்றால் பட்டறை முதலாளி, மனைவியின் அண்ணன். கலவை கலக்க வந்த ஆளின் கவனத்தையும் பொறுமையையும் பார்த்துப் பிடித்துப்போய், தங்கையையே கட்டிக்கொடுத்தவர். பட்டறைக்கு மேலேயே மாடியில் வீடும் கொடுத்தார். ஜன்னல் திரையின் நிறம் முதல் பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் வரை அவரே பார்த்து முடித்தார். கெட்ட மனிதராக இருந்தால் ஒரு நாள் நன்றாகச் சண்டை போட்டுவிட்டுக் கிளம்பலாம். அவரோ தங்கமான மனிதர். தங்கமான மனிதரிடம் மாட்டிக்கொண்டவன் எந்தப் பக்கம் ஓடுவது, சொல்லுங்கள்.

"வீட்டோட மாப்பிள்ளை கேள்விப்பட்டிருக்கேன். இவரு பட்டறையோட மாப்பிள்ளை" என்று பம்பைப் பார்த்துக்கொள்ளும் பம்புக்காரர் கிண்டலடிப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். ரெசின்காரரும் சேர்ந்து சிரிப்பார்.

அவர்கள் வேலை செய்யும் விதம் இதுதான். அச்சுக்குள் காய்ந்த துணியை அடுக்கடுக்காக விரிப்பார்கள். பெரும்பாலும் கண்ணாடி இழையில் நெய்த துணி. மேலே பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, ஓரங்களைக் காற்றுப் புகாமல் அடைத்து, உள்ளே உள்ள காற்றைப் பம்பு வைத்து உறிஞ்சுவார்கள். அதன் பிறகு குழாயைத் திறந்தால் ரெசின் தானாக உள்ளே ஓடித் துணியெல்லாம் ஊறும். திறந்த பிறகு ஆண்டவனே வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. கெட்டியான ரெசின் பாதி வழியில் நின்றுவிடும். அவசரக்குடுக்கை ரெசின் மூலைக்குப் போகும் முன்பே இறுகிவிடும். அதனால்தான் ரெசின்காரர் சொல்லுக்கு அத்தனை மரியாதை.

ரெசின்களில் பாலியெஸ்டர் மலிவு. ஆனால் மூக்கைத் துளைக்கும், இறுகும்போது சுருங்கும். வினைல் எஸ்டர் தண்ணீருக்கு அசராது, சரளமாக ஓடும். எபாக்ஸி எல்லாவற்றையும்விட உறுதி, வாடையும் அவ்வளவாக இருக்காது. ரெசின்காரருக்கு மனசுக்குப் பிடித்தது எபாக்ஸிதான். அதுதான் கடைசியில் அவர் உடம்புக்கு ஆகாமல் போனது.

முதலில் கண்ணிமை இரண்டும் வீங்கின. தூக்கம் போதவில்லை என்றாள் மனைவி. பிறகு மணிக்கட்டில் அரிப்பு, முழங்கை வரை சிவப்பு, சிவந்த இடமெல்லாம் பொரிப்பொரியாகக் கொப்புளம். கையுறை போட்டும் பயனில்லை. எபாக்ஸி கலக்கும் இடத்துப் பக்கம் போய் வந்தாலே போதும், முகம் உப்பிவிடும். யாருக்கும் தெரியாமல் தோல் டாக்டரைப் போய்ப் பார்த்தார்.

டாக்டரம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எபாக்ஸி, அதை இறுக வைக்கிற ஹார்டனர் இதெல்லாம் உங்களுக்கு இனிமே ஆகாது. ஒருதடவை ஒத்துக்காமப் போச்சுன்னா போனதுதான். மருந்து தர்றேன், அரிப்பு அடங்கும். ஆனா வேலையை மாத்துறதுதான் நல்லது."

வேலையை மாற்றுங்கள் என்றதும் ரெசின்காரருக்கு ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள், திடீரென்று பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்ட மாதிரி! அந்தச் சந்தோஷம் மருத்துவமனைப் படிக்கட்டு முடியும் வரைதான் தாக்குப்பிடித்தது. தெருவுக்கு வந்ததும் மச்சான் முகம் கண் முன்னால் வந்து நின்றது. வேலையை மாற்றுவது என்றால் வீட்டை மாற்ற வேண்டும், பெண்ணின் பள்ளிக்கூடத்தை மாற்ற வேண்டும், நன்றி கெட்டவன் என்ற பெயரைச் சுமக்க வேண்டும். அவர் மருந்தைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு நேரே பட்டறைக்குத் திரும்பினார்.

அன்றிலிருந்து வெயில் கொளுத்தினாலும் முழுக்கைச் சட்டைதான். மாப்பிள்ளைக்கு மிடுக்கு வந்துவிட்டது என்றார்கள். அன்றிலிருந்து பட்டறைக்குள் எபாக்ஸியின் நடமாட்டமும் குறைந்துபோனது. இந்தப் படகுக்கு வினைல் எஸ்டரே தாராளம் என்பார். இந்தக் கதவுக்கு எபாக்ஸி போட்டால் இறுக நேரமாகும் என்பார். இதில் பொய் ஒன்றும் இல்லை. இருக்கிற உண்மைகளில் தன் தோலுக்குத் தோதானதை மட்டும் பொறுக்கி எடுத்தார், அவ்வளவுதான். மச்சான் ஒரு தடவையாவது ஏன் என்று கேட்டிருக்கலாம். கேட்க மாட்டார். மாப்பிள்ளை மேல் அவ்வளவு நம்பிக்கை.

இப்படியே ஓடியிருக்கும். அதற்குள் ஸ்ட்ரெச்சர் வேலை வந்து சேர்ந்தது.

மலையில் விழுந்து அடிபட்டவர்களைக் கயிறு கட்டி இறக்கும் மீட்புக் குழு ஒன்று, எடை குறைந்த ஸ்ட்ரெச்சர்கள் கேட்டிருந்தது. கண்ணாடி இழை கனம் என்பதால் கார்பன் துணியில் செய்ய வேண்டும். வந்து இறங்கிய கறுப்புத் துணியைத் தடவிப் பார்த்ததுமே ரெசின்காரருக்குப் பகீரென்றது. அந்தத் துணியின் இழைகளுக்கு ஆலையிலேயே ஒரு பூச்சு கொடுத்திருப்பார்கள். எபாக்ஸி பிடிப்பதற்கென்றே கொடுத்த பூச்சு அது. வேறு ரெசின் ஊற்றினாலும் ஊறும், இறுகும், பளபளவென்று வரும். ஆனால் அடுக்குக்கு அடுக்கு அத்தனை கெட்டியாகப் பிடிக்காது.

"என்ன ரெசின் மாப்பிள்ளை?" என்று கேட்டார் மச்சான்.

"வினைல் எஸ்டரே போதும் மச்சான்."

"சரி, அதையே வரவழைச்சிடுறேன்."

முடிந்தது விஷயம். ரெசின்காரருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

முதலில் சின்னதாக ஒரு பலகை வார்த்துப் பார்த்தார். கண்ணாடி மாதிரி வந்தது. ஓரத்தில் ஒரு துண்டு அறுத்து இரண்டு கையாலும் வளைத்தார். நற நறவென்று உள்ளுக்குள் ஒரு சத்தம். இன்னும் கொஞ்சம் வளைத்தார். அறுத்த முனையில் அடுக்குகள் லேசாக வாய் பிளந்தன. ரம்பம் மழுங்கிப் போயிருக்கும், அறுக்கும்போதே விட்டிருக்கும் என்று தனக்குத்தானே சப்பைக்கட்டு கட்டினார். துண்டைக் குப்பைத் தொட்டியின் அடியில் அமுக்கிவிட்டு, மாதிரி ஸ்ட்ரெச்சருக்கு அச்சைத் துடைக்கச் சொன்னார்.

மாதிரியைப் பார்க்க மீட்புக் குழுவின் தலைவியே நேரில் வந்தார். வெயிலில் காய்ந்த முகம், அளந்து பேசும் வாய். ஸ்ட்ரெச்சரைத் தட்டிப் பார்த்தார், தூக்கிப் பார்த்தார். எடை பிடித்திருந்தது.

"யாராவது ஒருத்தர் படுங்க. தூக்கிப் பாத்துடலாம்" என்றார்.

அலுவலகத்தில் தொலைபேசியைக் கவனிக்கும் ரெசின்காரரின் மனைவி அந்நேரம் பார்த்து டீத் தட்டோடு உள்ளே வந்தாள். மச்சானுக்குக் குஷி பிறந்துவிட்டது.

"வாம்மா, நீயே படு. நம்ம வீட்டுலயே வெயிட்டான ஆளு நீதான்."

"அண்ணா, ஆளுங்க முன்னாடி மானத்த வாங்காதீங்க" என்று சிரித்துக்கொண்டே அவள் படுத்துவிட்டாள். வார்களை இழுத்துக் கட்டினார்கள். பம்புக்காரரும் இன்னும் மூன்று பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தோள் உயரத்துக்குத் தூக்கினார்கள்.

"நல்லா ஆட்டுங்க. மலையில எங்களால பூப்போலத் தூக்க முடியாது" என்றார் தலைவி.

ஆட்டினார்கள். நற நற. அந்தச் சத்தம் வேறு யார் காதிலும் விழுந்த மாதிரி தெரியவில்லை. மேலே அவள், கட்டிய வார்களுக்குள் கையைக்கூட அசைக்க முடியாமல், புருஷனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளும் முகம் தெரியாத யாரோ ஒருவன்தானே இதில் படுக்கப் போகிறான் என்று மனசை ஏமாற்றிவிட முடிந்தது. இப்போது அந்த யாரோவுக்கு முகம் இருந்தது.

"இறக்குங்க! இறக்குங்கடா கீழ!" என்று ரெசின்காரர் கத்தினார். அவர் கத்தி அங்கே யாரும் கேட்டதில்லை. நான்கு பேரும் வெலவெலத்துப்போய் இறக்கி வைத்தார்கள்.

"என்னாச்சு மாப்பிள்ளை?"

"இது ஆகாது மச்சான். இந்தத் துணிக்கு எபாக்ஸிதான் போடணும். எனக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சேதான் மாத்திச் சொன்னேன்."

ஏன் என்று அன்றைக்குத்தான் மச்சான் முதன்முதலாகக் கேட்டார். ரெசின்காரர் சட்டைக் கைகளைச் சுருட்டிவிட்டார். முழங்கை வரை தோல் உரிந்தும் கன்றியும் கிடந்தது. டாக்டரம்மா சொன்னதையும் சொன்னார். தலைவி ஸ்ட்ரெச்சரை ஒரு பார்வை பார்த்தார், அந்தக் கைகளை ஒரு பார்வை பார்த்தார். "எபாக்ஸியில செஞ்சு, உடைச்சுப் பாத்துட்டு அப்புறம் கூப்பிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

"இதுக்கு முன்னாடி செஞ்சதெல்லாம்?" மச்சானின் குரல் இறங்கியிருந்தது.

"அதெல்லாம் கண்ணாடித் துணி மச்சான். அதுக்கு இந்த ரெசின் தாங்கும். இது ஒண்ணுலதான் தப்புப் பண்ணேன்."

ரெசின்காரர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். உயிரோடு விளையாடிய ஆளை இனி யார் வைத்துக்கொள்வார்கள்? வெளியே போ என்று ஒரு சொல் வரும். பழி அவர் தலையில்தான் விழும், விழட்டும். ஆனால் கிளம்பியது அவராக இருக்காது, அனுப்பியது மச்சானாக இருக்கும். எங்காவது ஒரு சின்ன வீடு, ஏதோ ஒரு வேலை, தானே போய் வாங்கிய திரைச்சீலை. பயத்தோடு நிற்கிறோம் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தார். ஆசையோடு நிற்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கே உறைத்தது.

மச்சான் பக்கத்தில் வந்தார். அந்தக் கையைத் தூக்கி, கொப்புளத்தில் விரல் படாமல் பிடித்துக்கொண்டார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"இவ்வளவையும் மறைச்சு வச்சுக்கிட்டு என் பட்டறைக்காக உழைச்சிருக்கீங்களே மாப்பிள்ளை. சொன்னா வெளிய போகச் சொல்லிடுவேன்னு பயந்தீங்களா? நான் என்ன அப்படிப்பட்ட ஆளா?"

"இல்ல மச்சான், நான் வந்து..."

"நீங்க ஒண்ணும் பேசாதீங்க. இனிமே ரெசின் பக்கமே வர வேணாம். மாடியில உங்க வீட்டை ஒட்டியே ஒரு ரூம் போட்டுத் தர்றேன். சுத்திக் கண்ணாடி வச்சிடலாம். காத்துகூட உள்ள வராது. அங்க உக்காந்துக்கிட்டு எதுக்கு என்ன ரெசின்னு சொல்லுங்க, போதும். படிகூட இறங்க வேண்டியதில்ல."

பம்புக்காரர் கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். ஜன்னல் எந்தப் பக்கம் வர வேண்டும் என்று மச்சான் அப்போதே அண்ணாந்து பார்த்துக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்.

"சரி மச்சான்" என்றார் ரெசின்காரர். அதற்கு மேல் தாங்கவில்லை. அத்தனை பேர் முன்னால், நின்ற இடத்திலேயே குலுங்கிக் குலுங்கி அழுதார். பாவம், நெகிழ்ந்துபோய்விட்டார் மனிதர் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

மனைவி வந்து முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள். "எதுக்குங்க அழறீங்க? அதான் எல்லாத்தையும் அண்ணனே பாத்துக்கறேன்னு சொல்லிட்டாருல்ல."