பாதிப் பூசையில் எழுந்தவர்கள்

இரண்டு வருடங்களுக்கு முன், தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் ஆடி மாதத்தில், மன்னார்த் தீவில் ஓலைத்தொடுவாய்க்கு அப்பால் ஒரு கடற்கரையில் நடந்தது இது. கல்யாணமாகி இத்தனை காலத்தில் நானும் கணவரும் முதல்முறையாக விடுமுறை என்று சொல்லி வீட்டைவிட்டுக் கிளம்பியிருந்தோம்.

எங்களுடையது தீவுக்கு வெளியே ஒரு வயற்கிராமம். மாமியார் மூன்று வருடம் படுக்கையில் கிடந்து போய்ச் சேர்ந்தார். பகலில் நான், இரவில் கணவர் என்று முறைவைத்துப் பார்த்தோம். ஆண்டுத் திவசம் முடிந்ததும் கொழும்பில் வேலை செய்யும் மகள் தன் பாட்டுக்கு ஒரு விடுதியில் அறை எடுத்துவிட்டு, "ரெண்டு நாள் போய்ச் சும்மா இருங்கோ" என்று உத்தரவு போட்டாள். வெளிநாட்டுக்காரர் விமானம் ஏறி வரும் கடற்கரைக்கு நாங்கள் மோட்டார் சைக்கிளில் போய் இறங்கினோம். சும்மா இருப்பது எப்படி என்பது இருவருக்குமே மறந்துபோயிருந்தது. போன அன்று நான் விடுதி அறையைக் கூட்டினேன்.

மறுநாள் ஞாயிறு. விடுதிக்காரர் குடும்பத்தோடு தேவாலயப் பூசைக்குப் புறப்படும்போது, "தூரம் போகாதேங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆழத்துக்குப் போகவேண்டாம் என்கிறார் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். தென்கரையில் கச்சான் அலையை அடித்து நொறுக்குகிற காலம். நாங்கள் நின்ற வடகரையிலோ கடல் தட்டில் ஊற்றிய தண்ணீர்போல அசையாமல் கிடந்தது. இடுப்பளவுதான் தண்ணீர். விடுதிப் பிள்ளைகள் விளையாடும் லொறி டியூப் ஒன்றைப் போட்டு கணவர் மல்லாந்து சாய்ந்தார். எங்கள் ஊர்க் குளத்தில் டியூப் எங்கே போனாலும் ஏதாவதொரு கரையில் வந்து முட்டும். எங்களுக்குத் தெரிந்த தண்ணீர் அதுதான்.

கொஞ்ச நேரத்தில் அவர் வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டார். அப்படி அவர் தூங்கி எத்தனை காலம். எழுப்ப மனம் வரவில்லை. பனை நிழலில் உட்கார்ந்தேன், நானும் கண் அயர்ந்துவிட்டேன்.

விழித்துப் பார்த்தபோது கரையோரத்தில் அவர் இல்லை. வெகு தூரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. காற்று என் முதுகுப் பக்கமிருந்து கடலை நோக்கி வீசுவது அப்போதுதான் உறைத்தது. கடல் அமைதியாகக் கிடந்ததற்கும் அதுதான் காரணம். கழுத்தளவு தண்ணீர்வரை போய்க் கத்தினேன். அந்தப் புள்ளி கையால் தண்ணீரை வலித்துக்கொண்டிருந்தது. ஆனால் கிட்ட வரவில்லை.

கரை முழுக்கப் படகுகள் இருந்தன, ஒரு மனிதர் இல்லை. அங்கே ஞாயிற்றுக்கிழமை ஒருவரும் கடலுக்குப் போவதில்லை. விடுதிக்காரரின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. கோயில் மணிச் சத்தம் வந்த பக்கம் பார்த்து மணலில் விழுந்தெழும்பி ஓடினேன்.

கோயில் வாசலில் கால் நின்றுவிட்டது. உள்ளே எல்லோரும் முழந்தாளில். மூச்சுச் சத்தம்கூட இல்லை. சுவாமியார் கைகளை உயர்த்திப் பிடித்திருந்தார். எங்கள் கோயிலில் தீபாராதனை நேரம் குறுக்கே பேசி எனக்குப் பழக்கமில்லை. வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை.

மடியில் குழந்தை இருந்ததால் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்த முக்காடிட்ட ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள். என் உடுப்பிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "கடலுக்கை ஆர் நிக்கிறது?" என்று மெல்லக் கேட்டாள்.

"இவர்... டியூப்பிலை."

அவள் எழுந்தாள். அந்த அமைதியில் ஆண்கள் பக்கம் பார்த்துச் சத்தமாகவே சொன்னாள்: "கரையிலையிருந்து ஒரு ஆள் காத்தோடை போகுது."

வாங்குகள் தரையில் கரகரத்தன. ஆண்கள் அப்படியே எழுந்து வந்தார்கள். சுவாமியார் பூசையை நிறுத்தவுமில்லை, ஒருவரையும் தடுக்கவுமில்லை. ஓடும்போதே ஒருவர் கேட்டார்: "என்ன நிறச் சேட்டு?" இத்தனை வருடம் கணவரின் சேட்டுகளைத் தோய்த்துக் காயப்போட்டவள் நான். ஒரு நிறமும் ஞாபகம் வரவில்லை. அவர் மேலுக்கு ஒன்றும் போட்டிருக்கவில்லை என்று சொல்லவே நேரம் பிடித்தது.

பக்கத்து வீட்டிலிருந்து படகு என்ஜினைத் தோளில் தூக்கி வந்தார்கள். வெள்ளை நீளக்காற்சட்டையோடு தண்ணீரில் இறங்கிப் படகைத் தள்ளினார்கள். மூன்று பேர் ஏறிப் போனார்கள். அதற்குள் புள்ளி மறைந்துவிட்டது. நான் மணலில் இருந்துவிட்டேன். அந்தப் பெண் குழந்தையோடு பக்கத்தில் வந்து குந்தி, என் கையைப் பிடித்தபடி செபம் சொன்னாள். நான் முருகா முருகா என்றேன். மூன்று வருடம் அந்தத் தாயைக் காப்பாற்ற மல்லுக்கட்டிவிட்டு, மகனை ஒரு காலைத் தூக்கத்தில் தொலைத்துவிட்டேனே என்று மட்டும் இருந்தது.

படகு திரும்பி வருவது தெரிந்தது. என்னால் பார்க்க முடியவில்லை, தலையைக் குனிந்துகொண்டேன். அவள்தான் எண்ணினாள். "போனது மூண்டு பேர், வாறது நாலு. அக்கா, நிமிர்ந்து பாருங்கோ."

உதடு வெடித்து, முதுகு சிவந்து, நாலு அடி வைக்கத் தெம்பில்லாமல் வந்தார். என்னைப் பார்த்து, "நித்திரை கொண்டிட்டன்" என்றார். ஏதோ வயலுக்குத் தண்ணீர் மாற்றிவிட மறந்தவர்போல. எல்லோருக்கும் முன்னால் அவர் தோளில் ஓங்கி ஒரு அடி போட்டுவிட்டு அழுதேன்.

படகுக்காரரிடம் பூசையைக் குழப்பிவிட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். நனைந்த காற்சட்டையைப் பிழிந்துகொண்டே, "பூசை அடுத்த ஞாயிறும் இருக்கு" என்றார். தேத்தண்ணி தந்தார்கள், மீன்குழம்போடு சோறு தந்தார்கள். எந்த ஊர், என்ன பெயர் என்று சாப்பிட்டு முடிந்த பிறகுதான் கேட்டார்கள்.

அன்றே வீடு திரும்பினோம். லீவு எப்படி என்று மகள் போனில் கேட்டதற்கு, "நல்லா நித்திரை கொண்டனான்" என்றார் அவர். அவளுக்கு இன்றுவரை முழுக்கதை தெரியாது.

இப்போது எங்கள் ஊர்க் கோயிலில் பூசைக்குப் போனால் நான் முன்னுக்குப் போவதில்லை, வாசலோரமாகவே நிற்கிறேன்; குரல் வராமல் யாராவது வந்து நின்றால், சுவாமிக்கு முதுகு காட்டியாவது திரும்பிப் பார்க்க ஒரு ஆள் அங்கே வேண்டும்.