சந்தியில் மிஞ்சிய இரண்டு முகங்கள்

பிள்ளைகளே, நானும் ஒரு தலைவராக இருந்தவன்தான். கோயில் தலைவர் இல்லை, கமக்காரர் அமைப்பின் தலைவரும் இல்லை. தமிழ்நாட்டுப் பாடகர் ஒருவருக்கு எங்கள் ஊர்ச் சந்தியில் இருந்த ரசிகர் மன்றத்தின் தலைவர். பாடகரின் பெயரை எழுத மாட்டேன். அந்த நாளில் அவருடைய பெயர் எழுதாத மதில் எங்கள் பக்கத்தில் இல்லை. இப்போது எழுதினால் இந்தச் சஞ்சிகையின் பக்கத்தையே கிழித்துப்போடுவீர்கள்.

மன்றத்தில் மற்றவர்கள் எல்லாரும் இளம் பெடியன்கள். ஓட்டோ ஓடுகிறவன் ஒருவன், சைக்கிள் கடையில் வேலை செய்கிறவன் ஒருவன், மற்றவர்கள் மேசன் வேலைக்குப் போகிறவர்கள். அவர்களுக்கு நடுவில், காதுக்கு மேலே நரைத்த நான். ஒருநாள் பின்னேரம் அவர்கள் வீட்டுக்கு வந்து, "அண்ணை, நீங்கள்தான் எங்களுக்குத் தலைவரா இருக்கவேணும்" என்றார்கள். என் ரசனையை மதித்து வந்திருக்கிறார்கள் என்று நினைத்து உடனே ஓம் என்றேன். அவர்கள் போனபிறகு மனைவி குசினிக்குள் இருந்து சொன்னா: "பனர் கட்டத் தடி ஏத்த வேணும். ஊரில லான்ட்மாஸ்ரர் சும்மா நிக்கிறது எங்கட வீட்டிலதான். அதுதான் தலைவர்."

எங்கள் இரண்டு சில்லு உழவு மெசினுக்காகத்தான் வந்தார்கள் என்பதை நான் நம்பவில்லை. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதுவும் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, ஒரு பாடத்தின் தலையை ஒரு ஊரிலும் வாலை இன்னொரு ஊரிலும் படித்தது. எனக்கு முழுதாகப் பாடமாக இருந்தவை அந்தப் பாடகரின் பாட்டுகள் மட்டும்தான். வயலுக்குத் தண்ணீர் கட்டும்போது பாடுவேன். என் குரலும் அவருடைய குரலும் ஒன்று என்று எனக்கு ஒரு எண்ணம். வாய்க்கால் ஓரம் நிற்கும் கொக்குகளுக்கு அந்த எண்ணம் இல்லை. நான் தொடங்கினால் அவை எழும்பிப் போய்விடும்.

அந்தக் காலத்தில் அவர் இல்லாத இடம் எது? பஸ்ஸில் ஏறினால் அவர் பாடுவார். இறங்கி ஓட்டோவில் ஏறினால் விட்ட இடத்தில் இருந்து தொடருவார். ஒருவருக்குப் போன் எடுத்தால், அந்த ஆள் கதைப்பதற்கு முன்னம் அவர் கதைப்பார். சவர்க்காரத்தில் அவர், சீமெந்தில் அவர், பிஸ்கட்டில் அவர். ரியூசன் வகுப்பின் விளம்பரத்திலும் அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், கணக்குப் படிப்பிக்கிறவர்போல. நெல்லு வெட்டுகிற மெசின்கூட அவருடைய பாட்டைப் போட்டுக்கொண்டுதான் வயலுக்குள் இறங்கியது.

"இந்த மனிசன்ர முகத்தைப் பாத்துப் பாத்து எனக்கு என்ர அண்ணன்ர முகம் மறந்துபோச்சு" என்று மனைவி சொன்னா.

"உம்மட அண்ணன் பாடுறவரோ?" என்று கேட்டேன். அன்றைக்கு எனக்குக் குழம்பு கிடைக்கவில்லை.

அவருடைய பிறந்தநாளுக்குச் சந்தியில் பெரிய பனர் ஒன்று கட்டினோம். எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே. யாருக்குப் பனர் கட்டினாலும் கட்டுகிறவனின் முகமும் கீழே இருக்கவேண்டும். கலியாணமோ, செத்தவீடோ, சோதனையில் பாஸோ, அந்த வரிசை இல்லாமல் பனர் இல்லை. எங்கள் பனரிலும் மேலே பாடகர், பெரிதாக. கீழே நாங்கள் பதினொரு பேர், சாப்பாட்டுக் கோப்பை அளவு வட்டங்களுக்குள். நடுவில் நான். என்னிடம் கோட் இல்லையென்று ஸ்ரூடியோக்காரர் கொம்பியூட்டரிலேயே ஒரு கோட்டைப் போட்டுவிட்டார். முகத்தையும் கொஞ்சம் வெளுப்பாக்கினார். மனைவி சந்தையால் வரும்போது பார்த்துவிட்டு வந்து, "பாட்டுக்காரருக்குக் கீழ நிக்கிற வெள்ளைக்காரன் ஆர்?" என்று கேட்டா. நான் இரண்டு நாள் சந்திப்பக்கம் அடிக்கடி போனேன். தேவை ஒன்றும் இருக்கவில்லை. பார்க்கத்தான்.

பிறகு அவர் யாழ்ப்பாணத்துக்குப் பாட வந்தார். நாங்கள் ஒரு பஸ் பிடித்துப் போனோம். பரந்தனில் பாடத் தொடங்கி, ஆனையிறவு உப்பளம் வரமுன்னமே எல்லாருக்கும் தொண்டை கட்டிவிட்டது. மைதானத்தில் மத்தியானம் இருந்து வெயிலில் நின்றோம். பொழுதுபட்ட பிறகுதான் அவர் வந்தார். கொஞ்சப் பாட்டுத்தான் பாடினார். ஒரு பாட்டுக்கு நடுவில் மைக்கை இறக்கித் தண்ணீர் குடித்தார், பாட்டு நிற்கவில்லை. தண்ணீருக்குள்ளால் ஒரு மனிசன் இவ்வளவு தெளிவாகப் பாடுகிறாரே என்று நான் பக்கத்தில் நின்றவனிடம் சொன்னேன். அவன் என்னைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்கவேண்டும்.

அதுக்குப் பிறகு மேடையில் பெரிய கமெராக்கள் ஏறின. பாடகர் ஒரு பிஸ்கட் பக்கற்றைத் தூக்கிப் பிடித்து, அதன் பெயரை எல்லாரும் சேர்ந்து கத்துங்கள் என்றார். காணாது, இன்னொருதரம் என்றார். இன்னொருதரம் கத்தினோம். அதைப் படம் எடுத்து முடிந்ததும் கையசைத்துவிட்டுப் போய்விட்டார். விளம்பரத்துக்குச் சத்தம் போட எங்களைக் கூப்பிட்டிருக்கிறார் என்பது சனத்துக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. எனக்கு அதைவிடக் கூட நேரம் எடுத்தது. எல்லாரும் அவருக்கு எதிராகக் கூக்காட்டத் தொடங்கியபிறகும் நான் பிஸ்கட்டின் பெயரைக் கத்திக்கொண்டிருந்தேன்.

விடிந்தபோது உலகம் மாறியிருந்தது. பஸ்காரர் மத்தியானத்திலும் பக்திப் பாட்டுப் போட்டார். ஓட்டோக்களில் அவருடைய ஸ்ரிக்கரைச் சுரண்டியெடுத்த இடத்தில் பசை மட்டும் நின்றது. போனுக்குள் அவரைத் திட்டாதவர் இல்லை. "எனக்கு முதலே தெரியும்" என்று சொன்னவர்களின் கூட்டம், முந்தின நாள் மைதானத்தில் நின்ற கூட்டத்தைவிடப் பெரிது. தன் கலியாணவீட்டில் முழுநாளும் அவருடைய பாட்டுப் போட்ட ஒருவர், அது சவுண்ட் செற்காரன் கேளாமல் போட்டது என்றார். பாடகரை மதிலில் ஒட்டியது பாடகர் இல்லை, நாங்கள்தான். அதை யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சொன்னால் பசை கரைத்தது யார் என்று கேட்பார்கள்.

அடுத்த நாள் மகள் பள்ளிக்கூடத்தால் வந்து, சைக்கிளை நிறுத்தாமலே சொன்னாள்: "அப்பா, சந்தியில நீங்களும் அவரும் மட்டும்தான் நிக்கிறியள்."

எனக்கு விளங்கவில்லை. போய்ப் பார்த்தேன். பெடியன்கள் பிளேட்டால் தங்கள் தங்கள் முகத்தை மட்டும் வட்டமாக, வடிவாக வெட்டி எடுத்திருந்தார்கள். பாடகர் சிரித்தபடி. கீழே ஓட்டைகள் ஒரு வரிசை. நடுவில் கோட் போட்ட வெள்ளைக்காரன் ஒருவன். எனக்கு யாரும் சொல்லவில்லை. என் முகத்தை வெட்டவும் யாருக்கும் நேரம் இருக்கவில்லைப் போல.

ஆளில்லாத நேரம் பார்த்து, உச்சி வெயிலில் அவிழ்க்கப் போனேன். நான் ஏணியில் நிற்கும்போதுதான் புதுக்குடியிருப்பு பஸ் வந்து நின்றது. "தலைவரே, கவனம், விழுந்திடாதேங்கோ! பிறகு பனர் அடிக்க ஆளில்லை!" என்று யன்னலால் ஒரு குரல். பஸ் முழுக்கச் சிரிப்பு. நான் பனரைச் சுருட்டி லான்ட்மாஸ்ரர் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு, பின் ஒழுங்கையால் வீட்டுக்கு வந்தேன். எரிப்போம் என்றேன்.

"எரிக்கிறதோ? நல்ல தடிப்பான சாமான். நெல்லு மூட உதவும்" என்று மனைவி அதை விறகுக் கொட்டிலுக்குள் வைத்தா.

இனித்தான் கதையின் பாரமான இடம். அப்போது மாரியில் விதைத்த காலபோக அறுவடை. சாப்பாட்டு நெல்லை ஏற்கனவே கட்டி வீட்டுக்குள் வைத்துவிட்டோம். மிச்சம் விதைநெல். நல்ல துண்டு பார்த்து, களை பிடுங்கி, தனியாக வெட்டிய நெல். வீட்டுக்கு முன்னால் றோட்டோரம் சாக்கு விரித்துக் காயவிட்டிருந்தோம். விதைநெல் நனைந்தால் குவியலுக்குள்ளேயே அவிந்துபோகும். பிறகு அடுத்த போகத்துக்கு எங்களிடம் விதை இல்லை. ஊரில் ஒருவரிடம் போய் நிற்கவேண்டும். விதைநெல்லைக் காப்பாற்றத் தெரியாதவன் என்ற பேர், ரசிகர் மன்றத் தலைவர் என்ற பேரைவிடக் கெட்டது. நெல் மூடுகிற எங்கள் படங்கை மனைவியின் தமையன் தன்னுடைய நெல்லுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருந்தார். ஓம், பாடாத அந்த அண்ணன்தான்.

ஒரு பின்னேரம் முல்லைத்தீவுக் கடல் பக்கம் கறுத்தது. காற்று மாறி வீசியது. நாங்கள் மூன்று பேரும் ஓடிப்போய் நெல்லை நீளக் குவியலாகக் கூட்டினோம். "பனரைக் கொண்டு வாங்கோ!" என்று மனைவி கத்தினா.

நான் நின்றேன். பெரிய றோட்டு. பஸ் போகிற நேரம். நடு றோட்டில் அவருடைய முகத்தையும் என்னுடைய முகத்தையும் திரும்பவும் விரிப்பதோ?

"இஞ்சருங்கோ, முகத்தைப் பாக்கிறியளோ, நெல்லைப் பாக்கிறியளோ?"

கொண்டுவந்தேன். ஆனால் படத்தைக் கீழே வைத்து, வெள்ளைப் பக்கம் மேலே வரும்படி விரித்தேன். பெரிய கெட்டித்தனம் செய்துவிட்டதாக நினைத்து நெஞ்சை நிமிர்த்தினேன். நாலு மூலைக்கும் கல் வைத்தோம். முதல் துளி விழுந்தது. பிறகு மழை அப்படியே இறங்கியது.

"அப்பா, ஓட்டை!" என்றாள் மகள்.

மறந்தே போனேன். மேலே விழுந்த மழை எல்லாம் வழிந்துவந்து, அடி ஓரத்தில் இருந்த வட்டங்களுக்குள் நேரே இறங்கியது, யாரோ அளந்து வெட்டி வைத்ததுபோல. மடித்துப் பார்த்தால் மற்றப் பக்கம் நெல் வெளியே வந்தது. மகள் சுளகைக் கொண்டுவந்து ஒன்றை மூடினாள், காற்று அதைத் தூக்கிக்கொண்டு போனது. பிறகு அவள் திரும்பி, தன் முதுகை ஓட்டையில் அழுத்திக்கொண்டு குந்திவிட்டாள். மனைவி பக்கத்து ஓட்டையில். நான் அடுத்ததில். மூன்று ஓட்டை அடைபட்டது. மற்றவைக்குள் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. ஒழுங்காக இருந்த ஒரே வட்டம் என்னுடையதுதான். அதன் கீழே இருந்த நெல் மட்டும் சுகமாக இருந்திருக்கும்.

எதிரே சைக்கிள் கடைத் தாழ்வாரத்தில் பெடியன்கள் மழைக்கு ஒதுங்கி நின்றார்கள். பனருக்குப் பிறகு அவர்கள் என் முகத்தைப் பார்ப்பதில்லை, நானும் பார்ப்பதில்லை. ஆனால் விதைநெல். நான் எழும்பாமலே, மன்றத்துச் செயலாளரான ஓட்டோக்காரனைப் பார்த்துக் கத்தினேன்:

"டேய் செயலாளர்! வந்து உன்ர ஓட்டையை நீயே அடையடா!"

அவனுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. றோட்டைக் குறுக்கே ஓடிவந்து, "அண்ணை, என்ரது எது?" என்று கேட்டான்.

"என்ர வட்டத்துக்கு வலப் பக்கம் இரண்டாவது! நீதானே வெட்டினனி!"

அவன் வந்து முதுகைக் கொடுத்துக் குந்தினான். பின்னால் மற்றவர்களும் ஓடிவந்தார்கள். "தள்ளு மச்சான், இது என்ர இடம்." "உன்ரது அங்கால, பல்லுத் தெரியச் சிரிச்சவன் நீதானே." சண்டை பிடித்துப் பிடித்து, பனரில் இருந்த வரிசையிலேயே எல்லாரும் வந்து குந்திவிட்டார்கள். நானும் நகர்ந்து நடுவில் என் வட்டத்தில் குந்தினேன். எங்கள் மன்றம் ஒருத்தரும் குறையாமல் கூடியது அந்த ஒருநாள்தான். மனைவிக்கும் மகளுக்கும் இடம் இல்லாமல் போய், இருவரும் வாசலில் நின்று பார்த்தார்கள். மனைவி முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தா. குளிருக்கு என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்த நேரம் பஸ் வந்தது. வராமல் விடுமோ? எங்கள் வரிசைக்கு முன்னால் மெதுவாக்கி, சாரதி நீளமாக ஒரு ஹோண் அடித்தார். யன்னல் எல்லாம் முகம்.

மழை விட்டதும் பனரைத் தூக்கிப் பார்த்தோம். ஓட்டைகளுக்குக் கீழே நெல் நனைந்திருந்தது. நனைந்ததை வழித்தெடுத்து, அன்றைக்கே பெரிய பானையில் அவித்துப் புழுங்கல் ஆக்கினா மனைவி. அந்தச் சோறு கொஞ்சம் மணந்தது, ஆனாலும் சாப்பிட்டோம். மிச்சத்தை அடுத்த நாள் வெயிலில் திருப்பித் திருப்பிக் காயவிட்டோம். மேலே காய்ந்தாலும் உள்ளே உயிர் இருக்கிறதா என்று கண்ணால் தெரியாது. ஒரு பிடி எடுத்து, ஈரத் துணியில் சுற்றி, மண்சட்டிக்குள் வைத்தோம். நான் இடைக்கிடை போய்ச் சட்டியைத் திறந்து பார்த்தேன். "அடை வைச்ச முட்டையோ? சும்மா விடுங்கோ" என்று மனைவி ஏசினா. பாட்டு ஒன்றும் வாயில் வரவில்லை.

ஒரு காலைமை மகள் பள்ளிக்கூடம் போக முன்னம் துணியை அவிழ்த்தாள். "அப்பா, மூக்கு நீட்டிட்டுது! எல்லாத்துக்கும் மூக்கு!"

குந்தியிருந்து பார்த்தேன். வெள்ளை வெள்ளையாக, ஊசி முனைபோல. ஒன்றிரண்டு பதரைத் தவிர எல்லாம் முளைத்திருந்தது. நான் துணியோடு றோட்டுக்கு ஓடினேன். காலில் செருப்பும் இல்லை, மேலில் சேட்டும் இல்லை. செயலாளர் ஓட்டோவைத் துடைத்துக்கொண்டு நின்றான். துணியை அவனுக்கு முன்னால் விரித்துப் பிடித்தேன். அவன் குனிந்து பார்த்தான்.

"அண்ணை, என்ர முதுகுக்குக் கீழ இருந்த நெல்லும் இதுக்குள்ள இருக்குதோ?"

எந்த நெல் எங்கே இருந்தது என்று யாருக்குத் தெரியும்? எல்லாவற்றையும் கலந்துதான் காயவிட்டோம்.

"ஓமடா," என்றேன். "அதுதான் முதல் முளைச்சது."