எங்கள் உறுப்பினரைத் திருப்பி அழைப்பது எப்படி?

எங்கள் பிரதேச சபை உறுப்பினரைப் பதவியிலிருந்து இறக்கச் சொல்லி மனு எழுதியது நான்தான். போன வியாழன் பார்த்தால், அந்த மனு அவர் கையிலேயே இருக்கிறது! எப்படி? சொல்கிறேன்.

எழுதச் சொன்னது ரஞ்சி அக்கா. கோப்பாயில், றோட்டிலிருந்து உள்ளே போகும் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீடு. அவருடைய கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. கிழமைக்கு இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். மழை பெய்தால் ஒழுங்கையில் முழங்காலளவு வெள்ளம். ஓட்டோ உள்ளே வராது. வாய்க்கால் வெட்டித் தருவதாகச் சொல்லி வோட்டு வாங்கிய உறுப்பினர் அதற்குப் பிறகு இந்தப் பக்கம் வரவேயில்லை. மனிதரைக் கதிரையில் இருத்தி, நாலு பேர் றோட்டு வரைக்கும் தூக்கிக்கொண்டு போகிறோம். அதில் ஒருவன் நான். என் இடுப்பைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை.

போன மாதம் ஆள் கிடைக்காமல் ஒரு முறை தவறிவிட்டது. அன்று இரவு முழுக்க மூச்சுத் திணறி அவர் பட்ட பாடு... வேண்டாம்.

"உந்த மெம்பரை இறக்க வழியில்லையே? நாங்கள்தானே ஏத்திவிட்டனாங்கள்?" என்றார் அக்கா.

நியாயமான கேள்விதானே? சுன்னாகத்தில் தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் போனோம்.

"வோட்டுப் போட்ட சனம் இடையிலை திருப்பிக் கூப்பிட எங்கடை சட்டத்திலை இடமில்லை அக்கா. கட்சி விலக்கினால் பதவி போகும். லீவு கேளாமல் தொடர்ந்து கூட்டத்துக்குப் போகாமல் விட்டாலும் போகும்."

அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஒழுங்கைப் பக்கமே தலைகாட்டாதவர் கூட்டத்துக்கு மட்டும் போயிருப்பாரா? சபையில் விசாரித்தோம். ஒரு கூட்டம் விடவில்லையாம்! காய்ச்சலோடும் வந்து கையெழுத்துப் போட்டவராம்.

மிஞ்சியது கட்சி. மனு எழுதினேன், ஒழுங்கையே கையெழுத்து வைத்தது. கட்சி என்ன செய்தது தெரியுமா? 'உரிய நடவடிக்கைக்காக' என்று குறிப்பெழுதி, அந்த உறுப்பினருக்கே அனுப்பிவிட்டது.

எனக்குக் கோபம்கூட வரவில்லை, அலுப்புத்தான் வந்தது. ஏற்றுவதற்கு வாக்குச்சீட்டில் ஒரு புள்ளடி போதும். இறக்குவதற்கு ஊரெல்லாம் அலைந்தாலும் கதவே இல்லை.

அப்படித்தான் வியாழன் காலை, காற்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, மனுவும் கையுமாக அவர் வெள்ளத்தில் இறங்கி வந்தார். நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் புறப்படும் நேரம். தூக்க மூன்று பேர்தான் இருந்தோம்.

"அக்கா, என்னிலை என்ன கோவம்? நேரை சொல்லியிருக்கலாமே?"

"கதைக்க நேரமில்லைத் தம்பி. உந்தப் பக்கத்தை ஒருக்காப் பிடியும்."

மனுவைச் சட்டைப் பையில் செருகிவிட்டுப் பிடித்தார். பாதி வழியில் அவருக்கு மூச்சு வாங்கியது.

"இன்னும் எவ்வளவு தூரம் அக்கா?"

"நீர் வோட்டுக் கேட்டு வந்த தூரம்தான் தம்பி."