நான் துண்டித்த அழைப்பு

வந்து குடியேறிய நாட்டில், மருத்துவமனை ஒன்றில் சத்திரசிகிச்சைக் கருவிகளைக் கழுவிக் கிருமி நீக்கும் பகுதியில் வேலை செய்கிறேன். அங்கே என்னோடு வேலை செய்யும் ஒருத்தியின் நாடு, சண்டைபிடித்துப் பிரிந்து வந்த நாடு. உலகத்தில் பாதி அதை நாடு என்கிறது, மற்றப் பாதி அப்படி ஒன்று இல்லவே இல்லை என்கிறது. அதேபோலச் சண்டைபிடித்தும் எங்களுக்கு அந்தப் பாதிகூட வாய்க்கவில்லையே என்ற வயிற்றெரிச்சல் எனக்கு. அதை நான் மறைத்ததுமில்லை. "உனக்கென்ன, பாஸ்போர்ட்டே வைத்திருக்கிறாய்" என்று சீண்டிக்கொண்டே இருப்பேன்.

அங்கே பாராளுமன்றத் தேர்தல் வந்தது. வெளிநாட்டில் இருப்பவர்கள் தபாலில் வாக்களிக்கலாம். அவள் ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் போய்த் தபாற்கந்தோர் வரிசையில் நின்று வாக்கை அனுப்பினாள். திரும்பி வந்து அன்று முழுக்க ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

வெளிநாட்டு வாக்குகளை எண்ணினால் அவளுடைய கட்சி வெல்லும், எண்ணாவிட்டால் தோற்கும் என்ற நிலை. அவை கள்ள வாக்குகள், ஆளே இல்லாத பெயர்கள் என்று மற்றத் தரப்பு வழக்குப் போட்டது. மாதக்கணக்கில் பாராளுமன்றம் கூடவில்லை. கடைசியில், உறைகளைப் பிரிக்கும் முன் வாக்களித்தவர்களைத் தொலைபேசியில் அழைத்து, ஆள் உண்மையில் இருக்கிறாரா என்று பார்ப்பதாக முடிவானது. இதையெல்லாம் அவள் எனக்குச் சொன்னவள்தான். அவளுடைய தேர்தல் கதை என்றாலே எனக்கு எரிச்சல் என்பதால் சரியாகக் காதில் வாங்கவில்லை.

சுத்தமான கருவிகளை அடுக்கும் அறைக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். வெளி மேசையில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். அன்று மேசையில் நான். "அழைப்பு வந்தால் பார்த்துக்கொள்" என்று போனைத் தந்துவிட்டு உள்ளே போனாள். பின்னேரம் ஆறு மணிபோல அது அடித்தது. அவளுடைய நாட்டு இலக்கம். வீட்டாட்கள் என்று நினைத்துத் துண்டித்துவிட்டேன்.

எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஊரிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்கக்கூடாது, எடுத்தால் அங்கே உள்ளவர்களுக்குக் காசு போய்விடும். துண்டித்துவிட்டு நாங்கள்தான் எங்கள் காசில் திருப்பி எடுக்கவேண்டும். இப்போது வாட்ஸ்அப் வந்து யாருக்கும் செலவில்லை என்றாலும் கை பழக்கத்தை விடவில்லை. மறுபடி அடித்தது. மறுபடியும் துண்டித்தேன். இலக்கத்தைக் கடதாசியில் எழுதிவைத்து, அவள் வந்ததும், "வீட்டிலிருந்து எடுத்தார்கள், திருப்பி எடு" என்று நல்ல பிள்ளைபோலக் கொடுத்தேன்.

இலக்கத்தைப் பார்த்ததும் அவளுடைய முகம் மாறிவிட்டது. அது தேர்தல் அலுவலகம். திருப்பி எடுத்தால், இந்த இலக்கத்துக்கு அழைக்க முடியாது என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. ஒருவருக்கு இரண்டு முறைதான் எடுப்பார்களாம்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"ஏன் கட் பண்ணினனீங்கள்?"

"ஊரிலையிருந்து வீட்டாக்கள் எண்டு நினைச்சன்."

"ஓம், அப்ப கட் பண்ணத்தானே வேணும்" என்றாள். பிறகு, "அந்தப் பிள்ளைக்கு இதை எப்பிடி விளங்கப்படுத்தப் போறியள்?" என்று கேட்டாள்.

அடுத்த நாள் வேலையில் அவளுக்கு விளங்கப்படுத்தினேன். அவள் நம்பினாள். திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். நடந்ததை எழுதித் தரச் சொன்னாள். சனிக்கிழமை நூலகத்தில் சாட்சிக் கையெழுத்து வைக்கும் சமாதான நீதவான் ஒருவரிடம் போய்ச் சத்தியக்கடதாசி முடித்தோம். அவர் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "மரியாதைக்காகவா துண்டித்தீர்கள்?" என்று கேட்டார். ஆமென்று தலையாட்டினேன். கடதாசியில் படித்தபோது எனக்கே அது பொய்போல இருந்தது. அந்த மனிதர்மேல் கோபம் வந்தது, அந்த அலுவலகத்தின்மேல் வந்தது, எல்லாரையும்விட என்மேல் வந்தது.

அதை அவள் அனுப்பியதற்கு, மூன்றாம் ஆளின் வாக்குமூலம் செல்லாது என்று தேர்தல் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. அதோடு முடியவில்லை. அழைத்தபோது துண்டித்தவர்களின் பட்டியலை மற்றத் தரப்பு கையில் எடுத்துக்கொண்டது. உண்மையான ஆள் எதற்காகத் துண்டிக்கவேண்டும் என்று தொலைக்காட்சியில் கேட்டார்களாம். எனக்கும் அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. பிரிக்காத உறைகளோடு அவளுடைய கட்சியும் போயிற்று.

ஒருநாள் சாப்பாட்டு அறையில் அந்தப் பட்டியலைப் போனில் காட்டினாள். அவளுடைய மொழி எனக்குத் தெரியாது. தலைப்பின்மேல் விரலை வைத்து, "இல்லாத வாக்காளர்கள்" என்று சொன்னாள். பிறகு விரலை மெதுவாகக் கீழே இறக்கித் தன்னுடைய வரியில் நிறுத்தினாள். பெயர், தகப்பன் பெயர், பிறந்த ஊர், பிறந்த திகதி.

"பார், எல்லாம் சரியாகப் போட்டிருக்கிறார்கள்" என்றாள்.