இரண்டு விடைகளும் ஒத்துப்போன சனிக்கிழமை

பிரபஞ்சம் ஏன் வேகம் கூடிக்கூடி விரிகிறது என்ற கேள்வியை நானும் என் தோழியும் ஹைதராபாத்தில் ஆராய்ச்சி மாணவிகளாகச் சேர்ந்து துரத்தினோம். இருண்ட ஆற்றல் என்று ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினால் கணக்கு சரியாகிவிடும் என்பது பெரும்பாலோர் கட்சி. கண்ணில் படாத ஒன்றின் தலையில் எல்லாவற்றையும் கட்டுவது எனக்கு அன்றைக்கும் பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை.

நாங்கள் முறுக்கத்தின் கட்சி. பொருள் இருக்கும் இடத்தில் காலவெளி வளைகிறது என்பது எல்லாரும் படிக்கும் பாடம். வளைவுக்குப் பதிலாக முறுக்கத்தை வைத்தும் ஈர்ப்பை எழுதலாம். அந்தச் சமன்பாட்டைக் கொஞ்சம் திருத்தினால், இருண்ட ஆற்றல் இல்லாமலே விரிவு வேகமெடுக்கும். தட்டையான பிரபஞ்சத்துக்கு அது ஏற்கெனவே வந்திருந்தது. தன்மேலேயே மூடிக்கொள்ளும் பிரபஞ்சத்திலும் வருமா என்று பார்ப்பது எங்கள் வேலை.

தோழி மல்காஜ்கிரிக்காரி. ரயில்வே பணிமனை வேலைக்காக எப்போதோ ஹைதராபாத் வந்து அந்தப் பேட்டையில் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். தமிழில் ஆரம்பித்து, தெலுங்கில் திட்டி, வேண்டாம் என்பதை ஊர் உருதுவில் நக்கோ என்று முடிப்பாள். கணக்கில் என்னைவிட வேகம்; அதில் எனக்குப் பொறாமை உண்டு. நகரின் மறுகோடியில், மாதாப்பூரில் ஒரு மென்பொருள் நிறுவனம் அவளைக் கூப்பிட்டிருந்தது. வீட்டில் எல்லாரும் போ என்றார்கள்.

“இந்தக் கணக்கு உசுரோட வந்துச்சுன்னா இங்கயே இருப்பேன். செத்துச்சுன்னா போயிடுவேன்” என்றாள்.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒரே கணக்கை இருவரும் தனித்தனியாகப் போடுவோம், நடுவில் எட்டிப்பார்க்க மாட்டோம். சனிக்கிழமை கேன்டீனில் டீயை வைத்துக்கொண்டு கடைசி வரியை மட்டும் ஒப்பிடுவோம். ஒத்துப்போனால் சரி.

அந்தச் சனிக்கிழமை ஒத்துப்போனது. இருவர் தாளிலும் வேண்டாத சமன்பாடு ஒன்று மிச்சமாக வந்து நின்றது. நாங்கள் செய்த திருத்தத்தையே அது பூச்சியமாக்கிவிட்டது. பழைய ஈர்ப்பே மிஞ்சியது; கணக்கு செத்தது. ஒரு குறி பிசகியிருந்தால்கூட மறுபடி உட்கார்ந்திருப்போம். பிசகவில்லை. அவள் டீயை முடித்துவிட்டு எழுந்தாள். அடுத்த மாதம் மாதாப்பூர் வேலைக்குப் போனாள்.

நான் ஆராய்ச்சியிலேயே ஒட்டிக்கொண்டு கிடந்தேன். வருஷங்கள் கழித்து ஒரு கருத்தரங்கில் யாரோ பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. இந்தக் கணக்கில் முதல் வேலை, காலவெளியின் ஒவ்வொரு புள்ளியிலும் நான்கு அச்சுகளை நட்டுவைப்பது. அவற்றை எந்தப் பக்கம் திருப்பி நடுகிறோம் என்பதைப் பொறுத்து விடையே மாறும். எங்கள் இருவருக்கும் சொல்லிக்கொடுத்தவர் ஒருவரே. அவர் எப்போதும் நேராகவே நடுவார். நாங்களும் பள்ளிப் பரீட்சையில் பிள்ளையார் சுழி போடுவதுபோல யோசிக்காமல் அப்படியே நட்டோம். மூடிய பிரபஞ்சத்துக்கு அது உதவாது. நாங்கள் சரிபார்த்ததெல்லாம் ஒரே தவறை இரண்டு கையெழுத்தில்.

நல்ல சேதி என்று மல்காஜ்கிரிக்கு ஓடினேன். புத்தி கெட்டவள் நான். அவள் மகள் கதவைத் திறந்து தெலுங்கில் உட்காரச் சொன்னாள். தோழி நான் சொன்னதைக் கேட்டுவிட்டு ஒரு கூரியர் உறையைக் கிழித்துப் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். இந்த முறை அச்சுகளைத் திருப்பி நட்டாள். அவள் கை வேகம் கொஞ்சமும் குறையவில்லை.

“ஹவ், ஆமாடி. அந்தச் சமன்பாடு காணாமப் போச்சு” என்றாள்.

“இதனால விரிவுக்கு வேகம் வந்துரும்னு சொல்லலடி. ஆனா கணக்கு சாகல” என்றேன்.

உறையை மடித்து மேசையில் வைத்தாள். உள்ளே குக்கர் சத்தம் கேட்டு மகளிடம் அடுப்பை அணைக்கச் சொன்னாள்.

“பிரபஞ்சமே என்னை நக்கோன்னு சொல்லிருச்சுன்னு நெனச்சுதான்டி இத்தனை வருஷம் நிம்மதியா ஆபீஸ் போயிட்டு வந்தேன்.”