மல்வேர்ன் பஸ்ஸிலை ஒரு சுவீடன் ராசா

இண்டைக்கு மல்வேர்ன் பஸ்ஸிலை பக்கத்துச் சீற்றிலை ஒரு வெள்ளைக்காரப் பெட்டை போனிலை சுவீடிஷ் கதைச்சுக்கொண்டு வந்தாள்.

எனக்கு வாய் சும்மா கிடக்கேல்லை. “எந்த ஊர் பிள்ளை?” எண்டு சுவீடிஷிலையே கேட்டன்.

விழுந்து விழுந்து சிரிச்சாள். “பழைய நாடகத்து ராசா மாதிரிக் கதைக்கிறியள்!”

சிரிக்கத்தானே செய்வாள். கனடா வர முன்னம் ஸ்டாக்ஹோமிலை ஒரு நாடக அரங்கிலை துப்புரவு வேலை செய்தனான். நான் மேடை துடைக்க, ஒரு நடிகர் அதிலை நிண்டு வசனம் பாடமாக்குவார். படங்களிலை அவருக்குச் சின்னச் சின்ன வேஷந்தான். மேடையிலை ராசா. வாளியோடை நிண்டு நானும் திருப்பிச் சொல்லுவன்; நான் பழகின சுவீடிஷ் அதுதான். “கடைசி வரிசைக்குக் கேக்கோணும்!” எண்டு கத்துவார்.

அவற்ரை பேரைச் சொன்னன். பெட்டை சிரிப்பை நிப்பாட்டினாள். “அவர் போன வருசம் செத்துப்போனார்.”

இறங்கேக்கை, அவர் மேடையிலை விடைபெறுற வசனத்தை அவரைப்போலவே உரத்துச் சொன்னன். முழு பஸ்ஸும் திரும்பிப் பாத்தது.

கடைசிச் சீற்றிலை இருந்தவை ஆரும் இதை வாசிச்சா, கேட்டதோ எண்டு சொல்லுங்கோ.